240 பென்னி, 20 ஷில்லிங், ஒரு சவரன்: பிரிட்டிஷ் பணத்தின் கதை

எங்கள் ஆச்சியின் சுருக்குப் பையில் ஒரு தங்கக் காசு இருந்தது. ஒரு பக்கம் கிரீடமில்லாத தாடிக்கார ராஜா. மறுபக்கம் குதிரை மேல் வாளோடு ஒருவன், குதிரையின் காலடியில் மல்லாந்து கிடக்கும் டிராகன். ஆச்சிக்கு அது கடைசிவரை பவுன் காசுதான். போன வருஷம் அதை நகைக்கடைக்கு எடுத்துப் போனபோது தராசில் 7.98 என்று காட்டியது. கடைக்காரர் எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார், மறுபடியும் அதே 7.98. "ஒரு சவரன்னா எட்டு கிராம் தம்பி, இது சவரனுக்குக் கொஞ்சம் கம்மி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சவரன் என்ற சொல்லே அந்தக் காசின் பெயர்தான். பிரிட்டிஷ் அரசு அடித்த சாவரின் என்ற ஒரு பவுண்டு தங்க நாணயம் நம் வாயில் சவரன் ஆனது, பவுண்டு என்பது பவுன் ஆனது. அதன் சரியான எடை 7.988 கிராம். கணக்குக்கு வசதியாக இருக்கட்டும் என்று நாம் அதை எட்டு கிராமாக முழுமையாக்கிக்கொண்டோம், இப்போது அசல் சவரனைத் தராசில் வைத்தால் சவரனுக்குக் குறைகிறது.

இதை வைத்தே பிரிட்டிஷ் பணத்தைப் புரிந்துகொள்ளத் தொடங்கலாம். இன்றைய ஐந்து பவுண்டு நோட்டு வழுவழு பிளாஸ்டிக்தான், ஆனால் அதில் உள்ள பவுண்டு என்ற சொல் பணத்தின் பெயராகப் பிறந்ததல்ல. அது ஒரு எடைக்கல்லின் பெயர். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி வேடிக்கைகள் எல்லாம் தானாக விளங்கும்.

ஒரு பவுண்டு வெள்ளி

எட்டாம் நூற்றாண்டு. இங்கிலாந்து என்று ஒரே நாடு அப்போது இல்லை, சின்னச் சின்ன ராஜ்யங்கள். அதில் மெர்சியா என்ற ராஜ்யத்தை ஆண்ட ஆஃபா என்ற மன்னர் மெல்லிசான வெள்ளிக் காசுகளைப் பெரிய அளவில் அடித்துப் புழக்கத்துக்கு விட்டார். அதுதான் பென்னி. அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் ஐரோப்பாவில் சார்லமேன் பேரரசர் ஒரு கணக்கு வைத்திருந்தார்: ஒரு பவுண்டு எடை வெள்ளியை எடுத்தால் அதிலிருந்து 240 காசு அடிக்கலாம். இந்தக் கணக்கு இங்கிலாந்துக்கும் பொருந்தி வந்தது. அந்த நாளைய நாணயச்சாலைப் பவுண்டு சுமார் 350 கிராம், அதை 240 ஆல் வகுத்தால் ஒரு பென்னிக்கு ஒன்றரை கிராம் வெள்ளிகூட வராது.

வேடிக்கை என்னவென்றால், பவுண்டு என்று ஒரு காசு பல நூற்றாண்டுகள் கையில் புழங்கவே இல்லை. ஷில்லிங்குக்கும் காசு வந்தது பிற்பாடுதான். கையில் இருந்ததெல்லாம் பென்னி. 12 பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங் என்று கணக்கில் எழுதினார்கள், 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு என்று எழுதினார்கள், அவ்வளவுதான். ஒரு பவுண்டு கொடு என்றால் 240 காசை எண்ணிக் கொடு, இல்லை அந்த எடைக்கு வெள்ளியை நிறுத்துக் கொடு என்று அர்த்தம்.

பவுண்டுக்குப் போடும் £ குறி எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் சந்தேகம் இருக்கும். எடைக்கு லத்தீனில் லிப்ரா என்று பெயர், அதன் முதலெழுத்தான 'எல்' மேல் ஒரு கோடு கிழித்ததுதான் அந்தக் குறி. பென்னியைச் சுருக்கி எழுதும்போது 1971 வரை 'டி' என்ற எழுத்தைப் போட்டார்கள். பென்னியில் எங்கே டி இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ரோமானியர்களின் டெனாரியஸ் என்ற காசில் இருக்கிறது. ரோமானியர் நாட்டை விட்டுப் போய் ஆயிரத்து ஐந்நூறு வருஷம் ஆன பிறகும் லண்டன் மளிகைக்கடை விலைச்சீட்டில் அவர்களுடைய எழுத்து உட்கார்ந்திருந்தது.

சரி, ஏன் 240? நூறு என்று வைத்திருந்தால் எவ்வளவு எளிது என்று நமக்குத் தோன்றும், ஆனால் கால்குலேட்டர் இல்லாத சந்தையில் நின்று யோசித்தால் கதை வேறு. 240ஐ மீதியில்லாமல் வகுக்கக்கூடிய எண்கள் 20 இருக்கின்றன, 100க்கு ஒன்பதுதான். மூன்று பேர் ஒரு பவுண்டைப் பங்கு போட்டால் ஆளுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் (பென்னியின் பன்மைதான் பென்ஸ்), மிச்சமே இல்லை. நூறு பைசாவை மூன்று பேருக்குப் பிரித்துப் பாருங்கள், கடைசி ஒரு பைசாவுக்குத் தகராறு வரும். நம் ஊரில் 16 அணா ஒரு ரூபாய் என்று வைத்திருந்ததும் இதே மாதிரி பாதி, கால், அரைக்கால் என்று பிரித்துக்கொண்டே போகிற வசதிதான். முட்டாள்தனமான கணக்கு என்று பழைய பணத்தைக் கேலி செய்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஆனால் பங்கு போட வசதியாக இருப்பது கூட்டல் போட வசதியாக இருக்காது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் மூன்று சாமான் வாங்குகிறார், விலை 7 ஷில்லிங் 8 பென்ஸ், 5 ஷில்லிங் 9 பென்ஸ், 11 ஷில்லிங் 10 பென்ஸ். முதலில் பென்ஸைக் கூட்ட வேண்டும், 27. அதில் 12, 12 ஆகக் கழித்தால் 2 ஷில்லிங், மீதி 3 பென்ஸ். அப்புறம் ஷில்லிங், 7, 5, 11, கூடவே வந்த 2, மொத்தம் 25. அதில் 20 போனால் ஒரு பவுண்டு, மீதி 5. ஆக மொத்தம் 1 பவுண்டு 5 ஷில்லிங் 3 பென்ஸ். ஒரே கூட்டலில் 12க்கு ஒரு தடவை, 20க்கு ஒரு தடவை கைமாற்ற வேண்டும். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனக்கணக்காகப் போட்டார்கள். அணா பைசா வாய்ப்பாடு படித்த நம் தாத்தாக்கள் அலட்டிக்கொள்ள மாட்டார்கள், நமக்குத்தான் தலை சுற்றும்.

காசுகளுக்கு வைத்த பெயர்களோ பெரிய கூட்டம். பென்னியில் கால் பங்கு ஃபார்திங். அந்தக் காலத்தில் சில்லறை வேண்டுமென்றால் வெள்ளிப் பென்னியைக் கத்தரித்து இரண்டாகவும் நான்காகவும் வெட்டிக்கொண்டார்கள், நான்கில் ஒன்று என்பதுதான் ஃபார்திங் என்ற சொல்லின் பொருளே. ஆறு பென்ஸ் காசுக்கு டேனர் என்று செல்லப்பெயர், ஷில்லிங்குக்கு பாப், இரண்டு ஷில்லிங் ஃப்ளோரின், இரண்டரை ஷில்லிங் அரை கிரவுன், ஐந்து ஷில்லிங் கிரவுன். விலை சொல்லும்போது ஷில்லிங், பென்ஸ் என்று முழுதாக இழுக்க மாட்டார்கள். 'இரண்டும் ஆறும்' என்றால் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று கேட்டவர் புரிந்துகொள்ள வேண்டும்.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு துணுக்கு. பிரிட்டிஷார் 1825இல் இலங்கையின் கணக்குப் பணத்தைப் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் என்று மாற்றினார்கள். ஆனால் அங்கே கடைவீதியில் வாங்கும் சாமானுக்கு ஃபார்திங்கே பெரிய காசாக இருந்தது. அதனால் 1828 முதல் இலங்கைக்கென்றே அரை ஃபார்திங் அடித்து அனுப்பினார்கள், பிற்பாடு கால் ஃபார்திங்கும் வந்தது. கணக்குப் போட்டால் ஒரு பவுண்டுக்கு 3,840 கால் ஃபார்திங்! பிறகு 1872இல் இலங்கை நூறு சதம் ஒரு ரூபாய் என்று மாறிவிட்டது, பிரிட்டன் அந்த வழிக்கு வர இன்னும் 99 வருஷம் ஆனது.

ராஜாவின் மூக்கும் நியூட்டனின் வேலையும்

பணம் என்பது எடை என்றால் அதில் திருடுவதும் எளிது. எடையைக் குறை, இல்லை வெள்ளியோடு செம்பைக் கல. முதலாவதை மக்கள் செய்தார்கள், இரண்டாவதை ராஜாவே செய்தார்.

எட்டாம் ஹென்றிக்குப் போருக்கும் ஆடம்பரத்துக்கும் பணம் போதவில்லை. 1544 முதல் வெள்ளிக் காசுகளில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டிக்கொண்டே போனார், மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு மட்டும். காசில் ராஜாவின் முகம் நேரே பார்க்கிற மாதிரி இருந்ததால் எடுப்பாக நின்ற மூக்குதான் முதலில் தேய்ந்தது. தேய்ந்த இடத்தில் செம்பு பல்லிளித்தது. செம்புமூக்குக் கிழவன் என்று ஊரே ராஜாவுக்குப் பட்டப்பெயர் வைத்தது. அவருடைய மகள் முதலாம் எலிசபெத் ஆட்சிக்கு வந்து அந்த மட்டக் காசுகளைத் திரும்ப வாங்கி உருக்கி நல்ல காசாக அடிக்க வேண்டியிருந்தது.

நல்ல காசு என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. இதற்குத்தான் ஸ்டெர்லிங் தரம் என்று பெயர், பவுண்டு ஸ்டெர்லிங் என்று பணத்தின் முழுப்பெயரில் இருப்பதும் இதே சொல்தான். கொலுசு வாங்கும்போது உள்பக்கம் 925 என்று குத்தியிருக்கிறதா என்று பார்க்கிறீர்களே, அது இந்தத் தரம். ஆனால் இன்றைய பவுண்டில் வெள்ளியைத் தேடாதீர்கள். 1920இல் காசுகளில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள், 1947இல் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

மக்கள் செய்த திருட்டு காசின் ஓரத்தைக் கத்தரிப்பது. ஒவ்வொரு காசிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினால் நாளடைவில் ஒரு உண்டை வெள்ளி சேர்ந்துவிடும், சீவிய காசும் பெயருக்குச் செல்லும். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கொள்ளை தாங்க முடியாமல் போய், பழைய காசு அத்தனையையும் உருக்கிப் புதிதாக அடிப்பது என்று முடிவெடுத்தார்கள். அந்த 1696ஆம் வருஷம் நாணயச்சாலைக்குக் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தவர் ஐசக் நியூட்டன். ஆமாம், ஆப்பிள் நியூட்டனேதான். பெரிய மனிதருக்குச் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கக் கொடுத்த பதவி அது, அவரோ அதைச் சிரத்தையாக எடுத்துக்கொண்டார். கள்ளநோட்டு, கள்ளக்காசு என்று எல்லாவற்றிலும் கைவைத்த வில்லியம் சலோனர் என்ற கில்லாடியை விடாமல் துரத்தி, சாட்சி மேல் சாட்சியாகத் திரட்டி, 1699இல் தூக்குமேடைக்கு அனுப்பினார். பிறகு நாணயச்சாலையின் தலைவராகி 1727இல் சாகும்வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

ஓரத்தைச் சீவாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இன்றும் நம் கையில் இருக்கிறது. காசின் விளிம்பில் கீறல் போட்டார்கள், பெரிய காசுகளின் விளிம்பில் எழுத்தே பொறித்தார்கள். 'அழகும் காவலும்' என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகம். சீவினால் எழுத்து போய்விடும், மாட்டிக்கொள்வாய்.

நியூட்டன் காலத்துச் சங்கதி இன்னொன்று, கினி. 1663இல் வந்த தங்கக் காசு அது, மேற்கு ஆப்பிரிக்காவின் கினிப் பகுதித் தங்கம் என்பதால் அந்தப் பெயர். 20 ஷில்லிங்குக்குச் செல்லட்டும் என்றுதான் அடித்தார்கள், ஆனால் தங்கத்தின் விலை ஏற ஏற கினியும் ஏறியது, ஒரு கட்டத்தில் 30 ஷில்லிங் வரை போனது. கடைசியில் நியூட்டனிடம் அறிக்கை வாங்கி 1717இல் 21 ஷில்லிங் என்று நிறுத்தினார்கள். அந்த விலையில் தங்கத்துக்கு மதிப்பு கொஞ்சம் கூடிப்போனது, வெள்ளிக்குக் குறைந்துபோனது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? வெள்ளிக்கு நல்ல விலை கிடைத்த இந்தியாவுக்கும் சீனாவுக்கும் வெள்ளியைக் கப்பலேற்றினார்கள். யாரும் சட்டம் போடாமலே இங்கிலாந்து வெள்ளி நாட்டிலிருந்து தங்க நாடாக மாறிப்போனது.

கினிக் காசு அடிப்பது 1814இல் நின்றுவிட்டது, ஆனால் 21 ஷில்லிங் என்ற கணக்கு போகவில்லை. வக்கீல், டாக்டர் ஃபீஸ், ஓவியத்தின் விலை எல்லாம் கினியில் சொல்வதுதான் கௌரவம். நாம் மொய்யில் நூறு வைக்காமல் நூற்றியொன்று வைக்கிறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை. குதிரை ஏலத்தில் இன்றும் கினியில்தான் கேட்கிறார்கள். வாங்குபவர் கினியாகக் கொடுப்பார், விற்றவருக்குப் பவுண்டாகப் போகும், நடுவில் நிற்கும் ஒரு ஷில்லிங் ஏலக்காரரின் கமிஷன் என்பது பழைய வழக்கம்.

கினி போன இடத்துக்கு 1817இல் வந்ததுதான் ஆச்சியின் காசு. பழைய ராஜாக்கள் காலத்திலேயே சாவரின் என்ற பெயர் உண்டு, ஆனால் சரியாக 20 ஷில்லிங், சரியாக ஒரு பவுண்டு என்று இந்த உருவில் வந்தது அப்போதுதான். அதன் குதிரைவீரன் புனித ஜார்ஜ், வரைந்தவர் பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர். தங்கம் 22 காரட், 24இல் 22 பங்கு, வகுத்துப் பார்த்தால் 0.916. ஹால்மார்க்கில் பார்க்கும் அதே 916. லண்டனில் மட்டும் இல்லை, ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா என்று பேரரசு முழுக்க இதை அடித்தார்கள். முதல் உலகப் போரின்போது, 1918இல் மட்டும், பம்பாயிலும் அடித்தார்கள், சுமார் 13 லட்சம் காசு. வீட்டில் சவரன் காசு இருந்தால் ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு குதிரை நிற்கும் தரையை, ஆண்டு எண்ணுக்கு மேலே நடுவில் பாருங்கள். அங்கே கடுகளவு 'ஐ' என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால் அது பம்பாய்க் காசு. ஆச்சியின் காசில் 1918 என்று இருக்கிறது, 'ஐ'யும் இருக்கிறது. லண்டன் காசு என்று பரம்பரையாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தோம்!

கேட்டவுடன் தருகிறேன்

இனி நோட்டு. தங்கத்தைச் சுமந்துகொண்டு திரிய முடியாமல் லண்டன் பொற்கொல்லர்களிடம் கொடுத்துவைத்தார்கள், அவர்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், நாளடைவில் தங்கம் அங்கேயே கிடக்கச் சீட்டு கைமாறியது. 1694இல் பிரான்சோடு நடந்த சண்டைக்கு அரசுக்கு 12 லட்சம் பவுண்டு கடன் தேவைப்பட்டபோது, அந்தக் கடனைத் திரட்டிக் கொடுக்கப் பிறந்த கம்பெனிதான் பேங்க் ஆஃப் இங்கிலாந்து. அதன் சீட்டுகள்தான் இன்றைய நோட்டுகளின் மூதாதை.

இப்போதும் ஐந்து பவுண்டு நோட்டில், இதைக் கொண்டுவருபவர் கேட்டவுடன் ஐந்து பவுண்டு தருவதாக உறுதியளிக்கிறேன் என்று எழுதியிருக்கும், கீழே தலைமைக் காசாளரின் கையெழுத்து. நம் ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநர் தருகிற வாக்குறுதிக்கும் வாய்மொழி ஏறக்குறைய இதுதான். ஒரு காலத்தில் இது வெறும் வாசகம் இல்லை. நோட்டைக் கொடுத்தால் தங்கக் காசு எண்ணிக் கொடுத்தார்கள். 1914இல் உலகப் போர் வந்ததும் தங்கக் காசு புழக்கத்திலிருந்து மறைந்தது. 1925இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் தங்கத்துக்குத் திரும்பிப் போனார், அப்போதும் சாமானியனுக்குக் காசு கிடையாது, 400 அவுன்ஸ் கட்டியாக வாங்க வசதி இருப்பவனுக்குத்தான். 1931 செப்டம்பரில் அதுவும் முடிந்தது. இன்று அந்த நோட்டை நீட்டி, எங்கே என் ஐந்து பவுண்டு என்று கேட்டால் இன்னொரு ஐந்து பவுண்டு நோட்டைத் தருவார்கள்.

ரூபாய்க்கும் இந்தக் கயிற்றில் ஒரு முடிச்சு இருந்தது. 1927 முதல் ஒரு ரூபாய் என்றால் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 18 பென்ஸ். 240ஐ 18 ஆல் வகுத்தால் 13.33, பழைய கணக்கில் 13 ரூபாய் 5 அணா 4 பை (12 பை ஒரு அணா). சுதந்திரம் வந்தது, பவுண்டு டாலருக்கு எதிராக விழுந்தது, ரூபாயும் கூடவே விழுந்தது, இந்த 13.33 மட்டும் அசையவில்லை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோதுதான் ஒரு பவுண்டு 21 ரூபாய் ஆனது.

இந்தியா 1957 ஏப்ரல் 1ஆம் தேதி அணாவை விட்டு நயா பைசாவுக்குப் போனது. நமக்கு அணா வாய்ப்பாட்டைப் படிக்கவைத்த பிரிட்டன் அதற்குப் பதினான்கு வருஷம் கழித்து, 1971 பிப்ரவரி 15, திங்கட்கிழமை, நூறுக்கு மாறியது. ஏன் பிப்ரவரி என்றால் வியாபாரம் மந்தமாக இருக்கும் மாதம். முன்னதாக வங்கிகளை நான்கு நாள் மூடி வைத்துக் கணக்குகளை மாற்றினார்கள். யோசனை புதிதல்ல, 1849இல் ஃப்ளோரின் காசை வெளியிட்டபோதே அதில் 'பவுண்டில் பத்தில் ஒன்று' என்று பொறித்திருந்தார்கள், அந்த முதல் அடிக்கும் முழு மாற்றத்துக்கும் நடுவில் நூற்றிருபது வருஷத்துக்கு மேல்!

மாற்றும்போது ஒரு வழக்கு இருந்தது. எதை நூறாகப் பிரிப்பது? தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் பத்து ஷில்லிங்கை ஒரு புதிய அலகாக எடுத்துக்கொண்டு அதற்கு ராண்ட், டாலர் என்று பெயர் வைத்தன. பிரிட்டனோ பவுண்டைத் தொடக்கூடாது என்று நின்றது. விளைவு, புதிய பென்னி பழைய பென்னியைப் போல 2.4 மடங்கு ஆகிவிட்டது. ஒரு ஷில்லிங் 5 பென்ஸ், பத்து ஷில்லிங் 50 பென்ஸ் என்று பெரிய காசெல்லாம் அழகாகப் பொருந்தியது, ஆனால் ஒரு பழைய பென்னிக்கு நேரான புதிய காசு இல்லை. சின்னக் காசை மாற்றும்போது கடைக்காரர்கள் தங்களுக்குச் சாதகமாக விலையை ஏற்றிக்கொண்டார்கள் என்ற புகார் வெகுகாலம் ஓயவில்லை. பாவம், அரைப் புதுப் பென்னி என்று ஒரு குட்டிக் காசையும் அடித்துப் பார்த்தார்கள், அது 1984இல் செத்துப்போனது.

இப்போது கையில் என்ன வரும்

லண்டனில் இறங்கினால் இன்று எட்டுக் காசு, நான்கு நோட்டு. காசுகள் 1, 2, 5, 10, 20, 50 பென்ஸ், 1 பவுண்டு, 2 பவுண்டு. நோட்டுகள் 5, 10, 20, 50. பேச்சில் யாரும் பென்ஸ் என்று இழுப்பதில்லை, ஐம்பது பீ என்பார்கள். பவுண்டுக்கு க்விட், ஐந்து பவுண்டு நோட்டுக்கு ஃபைவர், பத்துக்கு டென்னர். க்விட்டுக்குப் பன்மை கிடையாது, பத்து க்விட்தான்.

20 பென்ஸும் 50 பென்ஸும் ஏழு பக்கக் காசுகள். 1969இல் பத்து ஷில்லிங் நோட்டுக்குப் பதிலாக வந்த 50 பென்ஸ்தான் உலகிலேயே முதல் ஏழு பக்கக் காசு. பக்கங்களை லேசாக வளைத்துவிட்டதால் எப்படிப் பிடித்தாலும் குறுக்களவு ஒன்றுதான், அதனால் இயந்திரத்தில் வட்டக் காசு மாதிரியே உருண்டு போகும். ஒரு பவுண்டு காசு முதலில் 1983இல் வட்டமாக வந்தது, விளிம்பில் அந்தப் பழைய 'அழகும் காவலும்' வாசகத்தோடு. காவல் பலிக்கவில்லை. புழக்கத்தில் முப்பதில் ஒன்று கள்ளக்காசு என்ற நிலை வந்ததால் 2017இல் பன்னிரண்டு பக்கம், இரண்டு உலோகம் என்று மாற்றிவிட்டார்கள். வட்டப் பவுண்டு வைத்திருந்தால் கடையில் செல்லாது.

1 பென்ஸ், 2 பென்ஸ் காசு கையில் கிடைத்தால் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். 1992க்குப் பின் அடித்தவை பொதுவாக ஒட்டிக்கொள்ளும். செம்பு விலை ஏறியதால் உள்ளே இரும்பை வைத்து மேலே செம்பைப் பூசிவிட்டார்கள். எட்டாம் ஹென்றிக்கு நாணயச்சாலையில் இன்னும் சிஷ்யர்கள் உண்டு.

ராஜா மாறினால் காசில் முகம் திரும்பும் திசையும் மாறும். இரண்டாம் எலிசபெத் வலப்பக்கம் பார்த்தார், இப்போது மூன்றாம் சார்லஸ் இடப்பக்கம் பார்க்கிறார். பல நூற்றாண்டு வழக்கம் இது. 1936இல் எட்டாம் எட்வர்ட் மட்டும், தன் இடப்பக்கம்தான் அழகு என்று அடம்பிடித்து வரிசையை மீறினார். அவர் காசு புழக்கத்துக்கு வருவதற்குள் பதவியை விட்டுப் போய்விட்டார் என்பது வேறு விஷயம். நோட்டில் ராஜா ராணி முகம் போடுவது காசைப் போலப் பழைய வழக்கம் இல்லை, 1960இல் எலிசபெத் படத்தோடுதான் பேங்க் ஆஃப் இங்கிலாந்து அதைத் தொடங்கியது. சார்லஸ் நோட்டு 2024 ஜூனில் வந்தது, எலிசபெத் பிளாஸ்டிக் நோட்டுகளும் கூடவே செல்லும்.

பின்பக்கம் 5இல் சர்ச்சில், 10இல் ஜேன் ஆஸ்டின், 20இல் ஓவியர் டர்னர், 50இல் கணித மேதை ஆலன் டூரிங். 2016இல் சர்ச்சில் நோட்டு வந்தபோது ஒரு கலாட்டா. அந்தப் பிளாஸ்டிக்கில் துளியளவு மாட்டுக்கொழுப்பு கலந்திருக்கிறது என்று தெரியவந்ததும், சைவ உணவுக்காரர்களும் இந்துக்களும் கொதித்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். வங்கி யோசித்துப் பார்த்துவிட்டு நோட்டை மாற்றப்போவதில்லை என்று 2017இல் சொல்லிவிட்டது.

புதிதாகப் போகிறவர்கள் குழம்புகிற இடம் ஸ்காட்லாந்து நோட்டு. எடின்பரோவில் ஏடிஎம்மில் பணம் எடுத்தேன், வந்த நோட்டில் ராணியைக் காணோம். அங்கே மூன்று வணிக வங்கிகள் சொந்தமாக நோட்டு அடிக்கின்றன, வட அயர்லாந்திலும் அப்படித்தான். மதிப்பில் எந்த வித்தியாசமும் இல்லை, ஒரு பவுண்டு ஒரு பவுண்டுதான். அதில் ஒன்றை லண்டனில் ஒரு மூலைக் கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு நீட்டினேன், கடைப் பையன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், உள்ளே போய் யாரையோ கேட்டான், கடைசியில் "கார்டு இருக்கா?" என்றான். கோபம் வந்தது, ஆனால் சட்டப்படி அவன் செய்தது தப்பில்லை. சட்டபூர்வச் செலாவணி என்ற சொல்லுக்கு, கடைக்காரர் வாங்கியே தீர வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஏற்கனவே பட்ட கடனை அந்தப் பணத்தில் அடைக்க வந்தவன் மேல், அடைக்கவில்லை என்று வழக்குப் போட முடியாது, அவ்வளவுதான் அதன் பொருள். அந்தக் கணக்கில் ஸ்காட்லாந்து நோட்டு எங்குமே சட்டபூர்வச் செலாவணி கிடையாது, சொந்த ஊரிலும்கூட. பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் நோட்டுக்கும் ஸ்காட்லாந்தில் அந்தத் தகுதி இல்லை. சில்லறைக்கும் வரம்பு உண்டு, 1, 2 பென்ஸ் காசுகள் 20 பென்ஸ் வரைக்கும்தான் செல்லுபடி. மூட்டை நிறையச் செப்புக் காசைக் கொண்டுவந்து கொட்டிக் கடன் கொடுத்தவனைப் பழிவாங்க முடியாது.

அப்படியானால் ஸ்காட்லாந்து நோட்டை நம்பி எப்படி வாங்குகிறார்கள்? அந்த வங்கிகள் தாங்கள் அடித்த நோட்டுக்கு ஈடு காட்டியாக வேண்டும். அதற்கென்றே பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் பெட்டகத்தில், வெளியே யாருமே பார்க்க முடியாத பூதாகர நோட்டுகள் இருக்கின்றன. ஜயன்ட் என்பது 10 லட்சம் பவுண்டு, டைட்டன் என்பது 10 கோடி பவுண்டு. ஒரே தாளில் பத்துக் கோடி!

ஊரில் பலர் வீட்டு பீரோவில் யாரோ லண்டன் மாமா கொடுத்துவிட்டுப் போன பழைய காகித நோட்டு கிடக்கும். கடைசியாக மிஞ்சியிருந்த காகித 20, 50 பவுண்டு நோட்டுகளின் காலம் 2022 செப்டம்பர் 30ஆம் தேதி முடிந்தது, இனி கடையில் செல்லாது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த வாக்குறுதி வாசகத்துக்கு இன்னும் உயிர் உண்டு, பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் பழைய நோட்டு எந்தக் காலத்தியதாக இருந்தாலும் மாற்றிக் கொடுக்கும். நேரில் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவது நல்லது, அவர்களிடம் ஒரு அடையாள அட்டையும் இருக்கட்டும். ஆனால் பஸ்ஸுக்கு ஆகும் என்று சில்லறையாக மாற்றிக்கொண்டு போகாதீர்கள். லண்டன் பஸ்ஸில் 2014 முதல் காசே வாங்குவதில்லை, கார்டைத் தட்டிவிட்டு ஏற வேண்டியதுதான்.

ஆச்சியின் காசுக்கு வருவோம். சவரன் காசு இன்றும் பிரிட்டனில் சட்டபூர்வச் செலாவணிதான். அதன் முகமதிப்பு 1817இல் என்னவோ அதேதான், ஒரு பவுண்டு. லண்டனில் எனக்கு யாரிடமாவது ஒரு பவுண்டு கடன் இருந்தால், ஆச்சியின் தங்கக் காசை நீட்டி அடைக்கச் சட்டத்தில் எனக்கு முழு உரிமை உண்டு, வாங்குகிறவன் எனக்கு மீதி எதுவும் தர வேண்டியதில்லை. நகைக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் காசை மறுபடி தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள வைங்க தம்பி" என்றார்.